மஞ்சள் மீனின் வெள்ளைப் புள்ளிகள்

அத்தியாயம் 7

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள் கலைமதி.

ரஞ்சனி ஃபோனைத் தொட்டாள். கணவனின் குரல் அந்த ஹாலில் மறுபடி ஒலித்தது.

"ரஞ்சனி, நான் நல்லா இருக்கேன். வேலை விஷயமா வெளியூர் வந்திருக்கேன். யாரும் தேட வேண்டாம். புதுசா விட்ட மஞ்ச மீனுக்கு உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி வந்திருக்குல்ல, அதுக்குப் பயப்படாத. காப்பர் மருந்து வாங்கி டேங்க்லயே ஊத்திடு. இறால், நத்தை எல்லாம் உள்ளேயே கிடக்கட்டும். கல்லை எல்லாம் வெளிய எடுத்துக் குழாய்த் தண்ணில நல்லாத் தேய்ச்சுக் கழுவு. ஒரு வாரத்துக்குச் சாப்பாடு போடாத. டேங்க்ல தண்ணி குறைஞ்சா மட்டும் உப்புத் தண்ணி ஊத்தாத, மழைத் தண்ணி ஊத்து. போன வருஷம் பிடிச்சோமே, அந்தத் தண்ணி. வெச்சுடறேன்."

அவ்வளவுதான். திங்கட்கிழமை காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போன நல்லுசாமி, வெள்ளிக்கிழமை காலையில் ஃபோனை ஒரு நிமிஷம் உயிர்ப்பித்து இதை அனுப்பிவிட்டு மறுபடி அணைத்துவிட்டான். போலீஸ் ஸ்டேஷனில் இதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். "நல்லாத்தானே பேசறாரு, கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பாரு, வந்துடுவாரு." ரஞ்சனிக்குச் சிரிப்பு வரவில்லை.

"குரல் அவருதுதான். பேச்சு அவருது இல்லை," என்றாள்.

ஹாலின் ஒரு சுவர் நீளத்துக்கு அந்தக் கண்ணாடித் தொட்டி நின்றது. ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம் என்று நல்ல தண்ணீருக்குப் பஞ்சமில்லாத ஸ்ரீரங்கத்தில், உப்பைக் கரைத்துக் கரைத்து ஒரு சின்னக் கடலையே வீட்டுக்குள் கட்டி வைத்திருந்தான் நல்லுசாமி. புது மீன் வாங்கினால் தனித் தொட்டியில் போட்டு, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, அப்புறம்தான் பெரிய தொட்டியில் விட வேண்டும் என்பது மீன் வளர்ப்பவர்களின் வழக்கம். அவன் அதை ஒரு நாளும் செய்ததில்லை. வாங்கி வந்த மீனைத் தண்ணீருக்குப் பழக்கி நேரே உள்ளே விட்டுவிடுவான். வெறும் கண்ணாடிப் பெட்டியில் ஒளிய இடமில்லாமல் நிற்கிற மீன் பயத்திலேயே படுத்துவிடும், ஒளிய நல்ல கல்லும், உடம்பைச் சுத்தம் செய்ய இறாலும், பூண்டு ஊறவைத்த உயிர் உணவும் கொடுத்தால் அது தானே தேறிவிடும் என்பது அவன் கட்சி. மருந்து பாட்டில் இந்த வீட்டுக்குள் வந்ததே இல்லை.

"அதாவது, குவாரண்டைனே கூடாதுன்னு சொல்ற மனுஷன்," என்றான் பிரிட்டோ. கலைமதியின் உதவியாளன். வாயை மூடினால் மூச்சு முட்டிவிடும் என்று பயப்படுகிறவன் போல் பேசுவான். "அவர் பக்கம் நியாயம் இருக்கு மேடம். கொரோனா சமயத்துல என்னைத் தனி ரூம்ல போட்டாங்க. எங்கம்மா கதவுக்கு வெளிய இட்லியை வெச்சுட்டு ஓடுவாங்க. எனக்கே உடம்பெல்லாம் புள்ளி வந்த மாதிரிதான் இருந்துச்சு."

"பிரிட்டோ."

"சாரி மேடம்."

கலைமதி துப்பறிவதற்கு வந்தவள் மாதிரியே இல்லை. பேங்கில் கே.வொய்.சி. கேட்கிற அம்மாள் மாதிரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "காப்பர் மருந்துன்னா உயிரை விடறவங்க யாராவது உங்களுக்குத் தெரியுமா?"

"பாலக்கரையில காஜா மைதீன்னு ஒரு பாய், கலர் மீன் கடை வெச்சிருக்கார். அவருக்கும் இவருக்கும் ஆகவே ஆகாது. வாட்ஸ்அப் க்ரூப்ல தினம் சண்டை. 'உன் தொட்டியை ஒரு நாள் மொத்தமா கழுவி ஊத்தப் போற பாரு'ன்னு போன வாரம்கூடப் போட்டிருந்தார்."

"அப்ப அங்கதான் போறோம்."

"நானே கூட்டிட்டுப் போறேன்," என்று எழுந்தார் அருள்ராஜ். நல்லுசாமியோடு இன்ஜினியரிங் படித்தவர், இப்போது பில்டிங் கான்ட்ராக்டர். நல்லுசாமி காணாமல் போன நாளிலிருந்து சாப்பாடு வாங்கி வருவதும் ஸ்டேஷனுக்கு அலைவதும் அவர்தான். "ஆனா அந்தக் கடைத் தெருவுல காரை நிறுத்த இடம் இருக்காதும்மா. நான் வெளியவே இருந்துக்கறேன்."

அவர் இல்லாவிட்டால் இந்த நாலு நாளில் என்ன ஆகியிருப்போமோ என்று ரஞ்சனி நினைத்துக்கொண்டாள்.

காரில் ஏறும்போது கலைமதி தணிந்த குரலில் கேட்டாள். "உங்க வீட்டுக்காரருக்கு ஆபீஸ்ல ஏதாவது தகராறா?"

"கட்டடத்துக்கு கான்கிரீட் டெஸ்ட் பண்றதுதான் அவர் வேலை. போற அன்னிக்குக் காலையில யார்கிட்டயோ ஃபோன்ல கத்தினார். 'இந்தத் தூண் நிக்காது. அறுபது குடும்பம் குடிவரப் போகுது. நான் கையெழுத்துப் போட மாட்டேன்'னு."

"எந்தக் கட்டடம்?"

"கேட்டேன் மேடம். சொல்லலை. அருள் அண்ணனையும் கேட்டுப் பார்த்தேன், அவருக்கும் தெரியலை."

பாலக்கரையில் இறங்கியதும் பிரிட்டோ அருள்ராஜின் தோளில் கை போட்டான். "சார், என் ஃபோன் செத்துப் போச்சு. என் ஆளு ஜெஸ்லின்கிட்ட ரெண்டு நிமிஷம் பேசலைன்னா நானும் செத்துடுவேன். உங்க ஃபோனைக் கொஞ்சம் குடுங்க, டீ என் செலவு." கொலை நடந்த வீட்டில்கூட இவன் டீக்கடை தேடுவான் போலிருக்கிறது என்று ரஞ்சனிக்கு எரிச்சலாக வந்தது. ஒருத்தியின் தாலி ஊசலாடுகிறது, இவனுக்குக் காதல்!

கடை நீளமாக, குகை மாதிரி உள்ளே போனது. இரண்டு பக்கமும் நீல வெளிச்சத்தில் தொட்டிகள். கடைசியில் வெளிச்சமே இல்லாமல் வரிசையாகக் கறுப்புத் தொட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு பைப்பும் ஒரே ஒரு மீனும் மட்டும் இருந்தன. அவற்றின் நடுவிலிருந்து ஆறடி உயரத்தில் ஒரு ஆள் எழுந்து வந்தார்.

"நல்லுசாமி சம்சாரமா?"

ரஞ்சனி தலையை ஆட்டினாள். அவர் அவளைத் தாண்டிப் போய், கடையின் ஷட்டரைப் பிடித்துத் தடதடவென்று கீழே இழுத்தார்.

ரஞ்சனிக்கு உயிரே போய்விட்டது. கலைமதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே போகிற ஒரே வழி அடைந்துவிட்டது. இனிமேல் கத்தினாலும் பாலக்கரைச் சந்தடியில் யார் காதில் விழும்?

"ரோட்டுச் சத்தத்துல எனக்குக் காது கேக்காதும்மா," என்றார் காஜா மைதீன். "அவன் ஏதோ பேசி அனுப்பியிருக்கானாமே, மேடம் ஃபோன்ல சொன்னாங்க. போடுங்க."

ரஞ்சனி போட்டாள். பாய் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முதலில் அவர் முகத்தில் லேசாக ஒரு ஜெயித்த சிரிப்பு தெரிந்தது. காப்பர் என்ற சொல் வந்ததும் சிரிப்பு அகலமானது. அப்புறம் அது கொஞ்சம் கொஞ்சமாக வடிந்து, கடைசியில் அவர் முகமே வெளுத்துவிட்டது.

"யா அல்லாஹ்," என்றார். "இது நான் சொல்றதும் இல்லையே!"

"புரியற மாதிரி சொல்லுங்க பாய்," என்றாள் கலைமதி.

"காப்பர் என் வழிதான். ஆனா தனித் தொட்டியில, அளந்து ஊத்தணும். இறாலும் நத்தையும் இருக்கிற தொட்டியில காப்பர் விழுந்தா அதுங்க அத்தனையும் காலி. இது நேத்து மீன் வாங்கின பொடியனுக்குக்கூடத் தெரியும். கல்லைக் குழாய்த் தண்ணில கழுவணுமாம்! அந்தக் கல்லுல இருக்கிற உயிருங்கதான் தண்ணியையே சுத்தமா வெச்சிருக்கு. கழுவினா தொட்டி மொத்தமும் நாறிப் போயிடும். நோய் வந்த மீனைப் பட்டினி போடணுமாம். அந்த மஞ்ச மீன் நாள் முழுக்க மேயற ஜாதி, ஒரு வாரம் பட்டினி தாங்குமா? அவன் வழியிலயும் இது தப்பு, என் வழியிலயும் தப்பு. உலகத்துல எந்த வழியிலயும் தப்பு."

"ஒண்ணும் தெரியாதவன் உளறினா இப்படி வராதா?"

"ஒண்ணும் தெரியாதவன் உளறினா நடுவுல ஏதாவது ஒண்ணு ரெண்டு தற்செயலா சரியா விழும் மேடம். இங்க வரிசையா, குறி பார்த்து, தப்பு. எல்லாம் தெரிஞ்சவனாலதான் இப்படித் தப்பாச் சொல்ல முடியும்." பாய் தாடியைத் தடவினார். "அவன் கத்தறான்மா. யாரோ பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் பேசச் சொல்றாங்க. உதவின்னு சொல்ல முடியாம, இப்படிக் கத்தறான்."

நாலு நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை ரஞ்சனிக்கு அப்போதுதான் பொங்கிக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிறான். எவன் பிடியிலோ இருக்கிறான். எது பெரிய பயம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கலைமதி அழ விடவில்லை. "பாய், எல்லாமே தப்புன்னீங்க. ஒண்ணுகூட சரியில்லையா?"

"ஒண்ணே ஒண்ணு சரி. தண்ணி ஆவியாப் போனா உப்பு தொட்டியிலயே தங்கிடும். அதனால மேல ஊத்தறது நல்ல தண்ணியாத்தான் இருக்கணும். மழைத் தண்ணின்னா ரொம்ப விசேஷம்."

"அத்தனை பொய்க்கு நடுவுல ஒரு நிஜம்." கலைமதி ரஞ்சனியின் பக்கம் திரும்பினாள். "போன வருஷம் மழைத் தண்ணி எங்க பிடிச்சீங்க?"

"லால்குடி தாண்டி... வாய்க்கால் ஓரமா ஒரு பழைய ரைஸ் மில். தகரத்துல விழுந்த மழைத் தண்ணி மீனுக்கு ஆகாது, ஓட்டுக்கூரைத் தண்ணிதான் வேணும்னு தேடிக் கண்டுபிடிச்சார். யாரோ ஃப்ரெண்டோட மில்லாம். வாட்ச்மேன்கிட்ட கேட்டுக் கேன்ல பிடிச்சுக்கிட்டு வந்தோம். நான் கார்லயே இருந்தேன். வாசல்ல ஒரு புளியமரம் இருந்துச்சு."

கலைமதியின் விரல்கள் அவள் ஃபோனில் ஏதோ வேகமாகத் தட்டின. தட்டிக்கொண்டே கேட்டாள். "மஞ்ச மீனுக்கு வெள்ளைப் புள்ளி எப்ப வந்துச்சு?"

"புதன்கிழமை காலையில பார்த்தேன்."

"அவர் போனது திங்கள். அப்ப அவருக்கு யார் சொன்னது? நீங்க மெசேஜ் அனுப்புனீங்களா?"

"இல்லையே. எங்க இருக்கீங்க, எங்க இருக்கீங்கன்னுதான் அனுப்பினேன். மீனைப் பத்தி அனுப்பற மனநிலையிலயா..." ரஞ்சனி பாதியில் நின்றாள்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

சொன்னாள். ஒரே ஒருவரிடம் சொன்னாள். புதன்கிழமை சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தவரிடம், தொட்டி முன்னால் நின்று, 'அவர் ஆசையா வாங்கின மீனும் போயிடும் போலிருக்கேண்ணா' என்று விம்மினாள். மீன் பேச்சு என்றாலே கொட்டாவி விடுகிற அந்த மனிதர் அன்றைக்கு மட்டும் என்ன மீன், என்ன நோய் என்று பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

கல்லா மேலிருந்த சிசிடிவி திரையில் தெரு தெரிந்தது. டீக்கடை வாசலில் பிரிட்டோ ஒரு ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான். பக்கத்தில் அருள்ராஜ் மூடின ஷட்டரையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

காஜா மைதீனும் திரையைப் பார்த்தார். "அட, அருள்ராஜ் சார்! திருவானைக்கோவில்ல புதுசா ஃப்ளாட் கட்டியிருக்காரே, மச்சான் பேர்ல. கீழ் ஹாலுக்கு மீன் தொட்டி வேணும்னு ஆள் அனுப்பினாரு. ஞாயித்துக்கிழமை சாவி குடுக்கறாங்களாம், அறுபது வீடு."

நாலு நாளும் ரஞ்சனி அந்தக் கையிலிருந்து சோறு வாங்கித் தின்றிருக்கிறாள்.

"நீங்க அழுததை உங்க வீட்டுக்காரர்கிட்டயே கொண்டுபோய்ச் சொல்லி, 'மீனைப் பத்திப் பேசு, அப்பத்தான் உன் பொண்டாட்டி நம்புவா'ன்னு பேச வெச்சிருக்கார்," என்றாள் கலைமதி. "மீன் சமாச்சாரம் எல்லாமே ஒண்ணுதானே அவருக்கு. உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்னு காது குடுத்திருக்க மாட்டார். காலையில ஹால்ல நாங்க எல்லாரும் ஃபோனைப் பார்த்தோம் ரஞ்சனி. அவர் ஒருத்தர்தான் உங்க முகத்தைப் பார்த்துக்கிட்டிருந்தார், நம்பறீங்களா இல்லையான்னு. அப்பவே பிரிட்டோவுக்குக் கண்ணைக் காட்டிட்டேன்."

"போலீஸைக் கூப்பிடுங்க மேடம்!"

"ஆள் கிளம்பியாச்சு. அவங்க மில்லுக்குப் போய்ச் சேர்ற வரைக்கும் இவர் ஒரு ஃபோன் பண்ணக் கூடாது. பண்ணினா அங்க காவல் இருக்கிறவன் உங்க வீட்டுக்காரரை என்ன செய்வான்னு எனக்குத் தெரியாது." கலைமதி புடவைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்தாள். "இப்ப வெளிய போய் அதே கார்ல ஏறணும். அதே அண்ணன்னு கூப்பிடணும். முடியுமா?"

முடியாது என்றுதான் ரஞ்சனிக்குத் தோன்றியது. ஆனால் ஷட்டர் மேலே போனபோது கால்கள் நடந்தன.

திரும்பும் வழியில் பிரிட்டோ முன் சீட்டில் ஏறிக்கொண்டான். காதிலிருந்து ஃபோனை எடுக்கவே இல்லை. ரஞ்சனி டிரைவர் சீட்டுக்குப் பின்னால், அருள்ராஜின் பிடரியைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவர் கண்கள் அவளைத் தேடி வந்தன.

"பாய் என்னம்மா சொன்னார்?"

"அவர் சொன்னபடியே மருந்தை ஊத்தச் சொன்னார்ண்ணா."

"ஊத்திடும்மா. நல்லுசாமி சொன்னா சரியாத்தான் இருக்கும்." அந்தக் குரலில் அத்தனை பாசம். "உங்களை வீட்ல விட்டுட்டு நான் லால்குடி வரைக்கும் போகணும். அவசர வேலை. தம்பி, ஃபோனைக் குடுப்பா."

"ஒரே நிமிஷம் சார், கோவிச்சுக்கிட்டா... ஜெஸ்லின், வெச்சுடாத! என்ன, வழியெல்லாம் சேறா? செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடம்மா. உனக்காக நான் முள்ளுல நடக்கலையா?"

சத்திரம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் காவிரிப் பாலத்தில் ஏறினதும் வண்டிகள் நின்றுவிட்டன. முன்னால் பஸ், பின்னால் லாரி. பிரிட்டோ ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். இடையில் இன்னொரு அழைப்பு வந்திருந்தது. இரண்டு சீட்டுக்கும் நடுவே ரஞ்சனியின் கண்ணில் அந்தப் பெயர் பளிச்சென்று பட்டது. 'வீரமலை மில்.'

"யாரு?" என்று கையை நீட்டினார் அருள்ராஜ்.

"இன்ஷூரன்ஸ் சார். உயிருக்கு உத்தரவாதம் வேணுமாங்கறான். வேண்டாம்னு கட் பண்ணிட்டேன்."

"குடுய்யா ஃபோனை!"

"சார், இவ அழறா சார்! ஜெஸ்லின்... கதவைத் திறக்கலையா? தட்டிக்கிட்டு நிக்காத. உங்கப்பன் என்ன பெரிய ஆளா? ஒரே தள்ளு!"

அதற்கப்புறம் பிரிட்டோ பேசவில்லை.

அதுதான் ரஞ்சனிக்குத் தாங்கவில்லை. வாய் ஓயாதவன் வாயை மூடிவிட்டான். அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது. எதிர்முனையில் என்ன நடக்கிறது? கதவு திறந்ததா? உள்ளே யார் கிடக்கிறார்? கடவுளே ரெங்கநாதா, என்ன வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இதை மட்டும் கொடு. பஸ் நகரவில்லை. அருள்ராஜின் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடுவதை நிறுத்தின. அவர் மெதுவாகப் பிரிட்டோவின் பக்கம் திரும்பினார்.

"யாருய்யா இந்த ஜெஸ்லின்?"

பிரிட்டோ பெருமூச்சு விட்டான். "சப் இன்ஸ்பெக்டர், சார். நான் லவ் பண்றது நிஜம். அவங்க இன்னும் சரின்னு சொல்லலை." சொல்லிக்கொண்டே எட்டிக் கார்ச் சாவியைத் திருகிப் பிடுங்கினான். மற்றக் கையால் ஃபோனைப் பின்னால் நீட்டினான். "அக்கா, உங்ககிட்டதான் பேசணுமாம்."

ரஞ்சனி வாங்கிக் காதில் வைத்தாள். முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. ஒரு பெண் குரல், 'பேசுங்க சார், தண்ணி குடிச்சுட்டுப் பேசுங்க' என்றது. அப்புறம், வறண்டு, பிளந்து, ஆனால் சந்தேகமே இல்லாமல், அவன்.

"ரஞ்சனி... மருந்தை ஊத்திடலையே?"

"ஊத்தலைங்க," என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வந்தன.

பாலத்தின் கோடியிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வண்டிகளுக்கு நடுவே நடந்து வருவது தெரிந்தது. அருள்ராஜ் கதவைத் திறக்கப் பார்த்தார். ஒட்டி நின்ற ஆட்டோ விடவில்லை. பக்கத்தில் பிரிட்டோ, பின்னால் கலைமதி, கீழே காவிரி. அவர் முகத்தில் நாலு நாளாக ரஞ்சனி கண்ணாடியில் தன் முகத்தில் பார்த்துக்கொண்டிருந்த அதே பயம்.

ரஞ்சனி முன்னால் சாய்ந்து, ஃபோனை அருள்ராஜின் காதில் வைத்து அழுத்தினாள்.

"உங்க ஃப்ரெண்டுதான், அண்ணா. பேசுங்க."